டிஸ்க் பல்ஜ்: ரிப்போர்ட் சொல்வதும் முதுகு சொல்வதும்

முதுகுவலி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் “எனக்கும் எல்4-எல்5 போய்விட்டது” என்பார். ஒருவருக்கு ஜவ்வு விலகியிருக்கும், இன்னொருவருக்கு டிஸ்க் தேய்ந்திருக்கும், மூன்றாமவருக்கு நரம்பு நசுங்கியிருக்கும். எல்லாரிடமும் ஒரு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இருக்கும். அது கைக்கு வந்த நாளிலிருந்து குனிவதில்லை, குடம் தூக்குவதில்லை, பேரப்பிள்ளையை இடுப்பில் வைப்பதில்லை. ஸ்கூட்டரையே விற்றுவிட்டவர்களும் உண்டு.

ரிப்போர்ட்டில் பொய் எழுதியிருப்பதில்லை. படத்தில் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று நாமாக ஒரு முடிச்சைப் போட்டுவிடுகிறோம். அந்த முடிச்சு எவ்வளவு தளர்வானது என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: டிஸ்க் எப்படிப்பட்ட பொருள், எம்.ஆர்.ஐ. எதைப் படம் பிடிக்கிறது, மனித முதுகு எங்கிருந்து வந்தது.

டிஸ்க் என்பது என்ன?

கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பில் 24 கண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தின் உச்சியில் தவிர மற்ற எல்லா இடத்திலும் இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. அதுதான் டிஸ்க், மொத்தம் 23. இடுப்புப் பகுதிக் கண்டங்களை எல்1 முதல் எல்5 வரை எண்ணுகிறார்கள். அதற்குக் கீழே இருப்பது எஸ்1. ஆகவே எல்4-எல்5 என்பது நான்காவது, ஐந்தாவது கண்டங்களுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கின் முகவரி. அதைச் சொன்னால் இடம் தெரியும், நோய் தெரியாது.

நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இளநுங்கின் உள்ளே நீர் ததும்பும். விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்கும். முற்ற முற்ற நீர் வற்றி, சதை இறுகிவிடும். டிஸ்க்கின் நடுப்பகுதியும் இளவயதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்தான். இதை மையக்கரு என்போம். வயது ஏற ஏற நீர் குறைந்து அது நாராக மாறுகிறது. கெட்டுப்போவதால் அல்ல, அதன் முதிர்ச்சியே அப்படித்தான்.

மையக்கருவைச் சுற்றிப் பல அடுக்குகளாக நார்கள் ஓடுகின்றன. ஓர் அடுக்கின் நார் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார் எதிர்ப்பக்கம் சாயும். அதனால்தான் நாம் உடம்பை முறுக்கும்போது அது தாங்குகிறது. இது நார்வளையம். இதன் நார்கள் மேலும் கீழும் உள்ள எலும்புகளுக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. ஆகவே டிஸ்க் இடம்விட்டு நழுவி ஓடாது. ‘விலகிய ஜவ்வைத் தட்டி உள்ளே தள்ளிவிடுகிறேன்’ என்பவரிடம், எதைத் தள்ளுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் போவதில்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாகச் சத்து கசிந்து வரவேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரனின் குழு இதை 2004இல் நேரடியாகவே படம் பிடித்தது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும் சாய மருந்தை ரத்தத்தில் செலுத்திவிட்டு, ஒருநாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்குள் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்த மருந்து, மையக்கருவில் உச்சத்தை எட்டச் சுமார் ஆறு மணி நேரம் ஆனது. இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சாப்பிடும் ஓர் உறுப்பு வயதின் தடங்களைச் சீக்கிரமே காட்டத் தொடங்குவதில் வியப்பில்லை.

எம்.ஆர்.ஐ. எதைப் படம் பிடிக்கிறது?

‘ஸ்கேன்’ என்ற ஒரே பெயரில் நாம் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு கிடையாது. அது காந்தத்தாலும் ரேடியோ அலைகளாலும் வேலை செய்கிறது.

நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அந்த அணுவின் கருவுக்கு நுண்ணிய காந்தத்தன்மை உண்டு. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. அதற்குள் படுத்ததும் ஹைட்ரஜன் கருக்களில் ஒரு சிறு பங்கு அந்தப் புலத்தின் திசைக்குச் சாய்கிறது. பிறகு ஒரு ரேடியோ அலையைச் செலுத்தி அந்தச் சாய்வைக் குலைக்கிறார்கள். அலை நின்றதும் கருக்கள் தாமே மெல்லிய ரேடியோ ஒலிபரப்பு ஒன்றைச் செய்துகொண்டே பழைய நிலைக்குத் திரும்புகின்றன. கருவி அதைக் கேட்டுக் கணக்கிட்டுப் படமாக்குகிறது. எந்த இடத்திலிருந்து எந்தச் சமிக்ஞை வந்தது என்று பிரித்தறியக் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் வேகமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான கம்பிச்சுருள்கள் அதிர்வதுதான் உள்ளே படுத்திருப்பவர் காதைப் பிளக்கும் அந்தத் தடதடப்பு. படமெடுக்க வழிகாட்டிய பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு வேண்டிய விஷயம் இனிமேல்தான். கருக்கள் திரும்பும் வேகம், அவை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தடையின்றி ஓடும் நீரில் சமிக்ஞை நெடுநேரம் நிற்கும். இறுகிய நாரில் சட்டென்று மறையும். டி2 என்னும் படவகையில் சமிக்ஞை நின்ற இடம் வெளுப்பாகவும் மறைந்த இடம் கறுப்பாகவும் தெரியும். இளம் டிஸ்க்கின் நடு வெளுத்துத் தெரிவதும், நீர் வற்றிய டிஸ்க் கறுத்துத் தெரிவதும் இதனால்தான்.

ஆக, எம்.ஆர்.ஐ. காட்டுவது நீரின் அளவையும் நிலையையும், உறுப்புகளின் வடிவத்தையும். வலிக்கென்று ஒரு நிறம் அந்தப் படத்தில் இல்லை. போதாக்குறைக்கு, உட்கார்ந்தால் வலிக்கிறது, நடந்தால் வலிக்கிறது என்று வருபவரைப் பெரும்பாலும் மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் படமெடுக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்

டெசிகேஷன் என்றால் நீர் வற்றியிருக்கிறது, படத்தில் கறுப்பு. பல்ஜ் என்றால் டிஸ்க்கின் விளிம்பு எலும்பின் விளிம்பைத் தாண்டி அகலமாகச் சற்றுப் புடைத்திருக்கிறது. புரோட்ரூஷன் என்றால் ஓரிடத்தில் மட்டும் பிதுங்கியிருக்கிறது. பிதுக்கத்தின் அடி அகலமானது. எக்ஸ்ட்ரூஷன் என்றால் உள்ளிருக்கும் பொருள் வெளியே வழிந்து, அந்தப் பிதுக்கத்தின் அடி ஒடுங்கி நுனி பெருத்திருக்கிறது. அந்தத் துண்டு அறுந்து தனியே கிடந்தால் சீக்வெஸ்ட்ரேஷன். கடைசியில் ‘நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மொத்த ரிப்போர்ட்டிலும் அதிகம் வேலை செய்யவேண்டிய வரி அதுதான். யாரும் படிக்காத வரியும் அதுதான்.

இந்தச் சொற்களை எல்லா நிபுணர்களும் ஒரே மாதிரி எழுதுவதும் இல்லை. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காலுக்கு இறங்கும் வலியோடு இருந்த 63 வயதுப் பெண்மணி ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு மையங்களில் ஸ்கேன் எடுக்கவைத்தார்கள். பத்து ரிப்போர்ட்டுகளிலும் சேர்த்து 49 கண்டறிதல்கள். பத்திலும் இடம்பெற்ற கண்டறிதல் ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு, ஒரே ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் தலைகாட்டியவை. ஒரே முதுகுதான்.

வலியே இல்லாதவர்களின் முதுகு

நோயாளிகளை மட்டும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தால், படத்தில் தெரிவதெல்லாம் நோயாகவே தோன்றும். 1994இல் மோரீன் ஜென்சன் குழுவினர் முதுகுவலி இல்லாத 98 பேரைப் படமெடுத்தார்கள். படம் பார்ப்பவர்களுக்கு யார் எவர் என்று தெரியக்கூடாது என்பதற்காக, வலியுள்ள 27 பேரின் படங்களையும் நடுவே கலந்துவைத்தார்கள். வலியில்லாத அந்த 98 பேரில் 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு டிஸ்க்கிலாவது பல்ஜ் இருந்தது. 27 சதவீதத்தினருக்குப் புரோட்ரூஷன். எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். எக்ஸ்ட்ரூஷன் மட்டும் அரிது, ஒரே ஒரு சதவீதம்.

2015இல் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் கணக்கை வயதுவாரியாகப் போட்டார்கள். டிஸ்க் தேய்மானம் இருபது வயதினரில் 37 சதவீதம், எண்பது வயதினரில் 96 சதவீதம். பல்ஜ் இருபதில் 30, எண்பதில் 84. எண்பது வயதில் ‘தேய்மானம் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் அதுதான் விசேஷம்.

இதைப் படித்துவிட்டு ‘படமே வீண்’ என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். ஐம்பது வயது வரையுள்ளவர்களை ஒப்பிட்டபோது, வலியுள்ளவர்களிடம் தேய்மானமும் எக்ஸ்ட்ரூஷனும் கூடுதலாகவே இருந்தன. கூட்டமாகப் பார்த்தால் தொடர்பு இருக்கிறது. ஆனால் உங்கள் ஒருவருடைய வலிக்கு உங்கள் பல்ஜ்தான் காரணமா என்பதைப் படம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காலில் எந்த இடம் மரத்திருக்கிறது, எந்த விரலில் பலம் குறைந்திருக்கிறது, அது படத்தில் தெரியும் நரம்போடு பொருந்துகிறதா என்று கைவைத்துப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

எப்போது வலிக்கிறது?

பிதுங்கிய பகுதி நரம்பின் வேரைத் தொட்டால் வலி முதுகில் மட்டும் நிற்காது. பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கும். இதுதான் சயாட்டிகா. டிஸ்க் உடைந்து நரம்பை அழுத்துவதே இதற்குக் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் 1934இல் எழுதியதிலிருந்து, அழுத்தம் என்ற ஒரே விளக்கம் நெடுநாள் கோலோச்சியது. அது பாதி உண்மைதான். 1993இல் ஸ்வீடனில் பன்றிகளின் மையக்கருப் பொருளை எடுத்து நரம்பு வேரின்மேல் அழுத்தாமல் வைத்துமட்டும் பார்த்தார்கள். அதற்கே நரம்பில் செய்தி ஓடும் வேகம் குறைந்தது. அதாவது வெளியே வந்த பொருள் தானே அழற்சியைக் கிளப்புகிறது. சின்னப் பிதுக்கம் ஒருவரைப் படுக்கையில் தள்ளுவதும், பெரிய பிதுக்கம் இன்னொருவருக்குத் தெரியாமலே இருப்பதும் இதனால் ஓரளவு விளங்குகிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. ரத்தம் படாமல் வளர்ந்த மையக்கருவை, வெளியே வந்ததும் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாகப் பார்த்துத் தின்னத் தொடங்குகின்றன. எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவு எளிதாகத் தின்னப்படுகிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், அறுவைச் சிகிச்சை இல்லாமலே சுருங்கியவற்றின் பங்கு: அறுந்து கிடந்த துண்டுகளில் 96 சதவீதம், எக்ஸ்ட்ரூஷனில் 70, புரோட்ரூஷனில் 41, பல்ஜில் 13. ரிப்போர்ட்டில் பயங்கரமாக ஒலிக்கும் பெயருக்கே தானாகக் கரையும் வாய்ப்பு அதிகம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: டிஸ்க் வயதோடு நீர் வற்றும், புடைக்கும், பலருக்கு அது வலிப்பதில்லை, வலிக்கும்போது அழுத்தமும் அழற்சியும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இரண்டு காலில் நின்றதற்குத் தண்டனையா?

முதுகுவலிக்குப் பரிணாமத்தைக் குற்றம் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ‘நாலு காலுக்குச் செய்த முதுகை நிமிர்த்திவைத்தோம், அதனால் வலிக்கிறது’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாலு காலில் நடக்கும் டாக்ஸ்ஹண்ட் நாய்க்கு டிஸ்க் பிதுங்குவது மிகச் சகஜம். அதன் குட்டைக் கால்களோடும் இந்தக் கோளாறோடும் தொடர்புள்ள மரபணு நகல் ஒன்றை 2017இல் கண்டறிந்தார்கள். மேலும், நம் முன்னோர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கி நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. பழகிக்கொள்ளக் காலம் போதவில்லை என்று சொல்வதற்கில்லை.

பரிணாமம் எப்படி நடக்கிறது? ஓர் இனத்தில் எல்லாரும் ஒரே அச்சாகப் பிறப்பதில்லை, வேறுபாடுகள் இருக்கும். அவற்றுள் அதிகப் பிள்ளைகளை விட்டுச்செல்ல உதவும் வேறுபாடு தலைமுறைதோறும் பெருகும். இதுதான் இயற்கைத் தேர்வு. இதனால் சராசரி நகரும், விளிம்புகள் ஒழிந்துவிடா. பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பின் முற்றும் தொல்லைகளை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் கண்டுகொள்வதும் இல்லை.

கிம்பர்லி பிளாம்ப் குழுவினர் 2015இல் இந்த விளிம்பைத்தான் அளந்தார்கள். மனிதர்கள், சிம்பன்சிகள், ஒராங்குட்டான்கள் ஆகியோரின் முதுகுக் கண்டங்களின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார்கள். டிஸ்க் மேலோ கீழோ பிதுங்கினால் எலும்பில் ஒரு குழி விழும். அதற்கு ஷ்மார்ல் கணு என்று பெயர். தசையும் ஜவ்வும் மக்கிப்போன பழைய எலும்பிலும் அந்தக் குழி நிலைத்திருக்கும் என்பதால் ஆய்வுக்கு வசதி. அந்தக் குழியுள்ள மனிதக் கண்டங்களின் வடிவம், குழியில்லாதவற்றைவிடச் சிம்பன்சியின் வடிவத்துக்கு நெருக்கமாக இருந்தது. மனித வேறுபாட்டுக்குள்ளேயே பழைய முன்னோர் வடிவத்தை ஒட்டி நிற்பவர்களுக்கு நிமிர்ந்த நடையின் சுமை கூடுதலாகத் தைக்கிறது என்பது அவர்கள் வாதம். பிறகு செய்த ஆய்வில் எதிர்விளிம்பும் தென்பட்டது. கண்டத்தின் பின்வளைவில் விரிசல் விழும் ஸ்பாண்டிலோலைசிஸ் என்னும் கோளாறு உள்ளவர்களின் கண்டங்கள், மனித வடிவத்தை மிகைப்படுத்தியதுபோல் இருந்தன. ஷ்மார்ல் கணுவும் பல்ஜும் ஒன்றல்ல. வடிவம்தான் காரணம் என்று இவை நிரூபித்துவிடவும் இல்லை. ஆனால் ‘மனித முதுகே தப்பாகச் செய்யப்பட்டது’ என்ற பேச்சைவிட இது எவ்வளவோ நிதானமான விளக்கம்.

பிறப்பிலேயே வரும் வேறுபாடு பெரிது என்பதை ஃபின்லாந்தின் இரட்டையர் ஆய்வுகளும் சொல்கின்றன. ஒரே உருவ இரட்டையரில் ஒருவர் வண்டியோட்டுவதையே தொழிலாகக் கொண்டவர், மற்றவர் அப்படியில்லை; இப்படி 45 ஆண் ஜோடிகளை ஒப்பிட்ட முடிவு 2002இல் வெளிவந்தது. டிஸ்க் தேய்மானத்தில் வேறுபாடு தென்படவில்லை. ஸ்கூட்டரை விற்றவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரிப்போர்ட்டே வலியைக் கூட்டுமா?

கூட்டும் என்று காட்டியதும் கோயம்புத்தூர் ஆய்வுதான். ராஜசேகரன் குழுவினர் 2021இல் வெளியிட்டது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்ததை உள்ளபடி விளக்கினார்கள். மற்றவர்களிடம், வயதுக்கேற்ற மாற்றங்கள்தான், முதுகு நன்றாக இருக்கிறது என்றார்கள். சிகிச்சை இரு பிரிவினருக்கும் ஒன்றே. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், விளக்கம் கேட்டவர்களுக்குத் தங்கள் முதுகைப் பற்றி அச்சம் கூடியிருந்தது. வலி குறைந்ததும் குறைவு, அன்றாட வேலை செய்யும் திறனும் பின்தங்கியிருந்தது.

இதற்காக நோயாளியிடம் உண்மையை மறைக்கலாமா என்றால், கூடாது என்பதே என் கட்சி. பல்ஜ் என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே ‘உங்கள் வயதில் வலியில்லாதவர்களில் இத்தனை பேருக்கு இது உண்டு’ என்றும் எழுதலாம். அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரிப்போர்ட்டுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். முதுகுக்காக அவர்கள் அடுத்தடுத்து நாடிய சிகிச்சைகள் மொத்தத்தில் குறையவில்லை. வீரியமான வலிமருந்துச் சீட்டு மட்டும் சற்றுக் குறைந்தது. அச்சடித்த ஒரு வரியால் அவ்வளவுதான் முடிந்தது. எதிரே உட்கார்ந்து பேசும் மருத்துவரின் வேலையை அந்த வரியிடம் எதிர்பார்ப்பது அதிகம்.

எப்போது ஸ்கேன் தேவை?

வெறும் முதுகுவலி, வேறு தொந்தரவு இல்லை என்றால் உடனே படமெடுப்பதால் பயனில்லை. 2009இல் 1,804 நோயாளிகளை உள்ளடக்கிய ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடனே படமெடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் குணமாகவில்லை. இயன்றவரை நடமாடிக்கொண்டிருப்பதும், படுக்கையே கதியென்று கிடக்காமலிருப்பதும்தான் முதல் மருந்து.

காலுக்கு இறங்கும் கடும் வலி வாரக்கணக்கில் நீடித்தால் கதை வேறு. அறுவைச் சிகிச்சை வரை யோசிக்கவேண்டி வந்தால் படம் அவசியம். எந்த இடத்தில் கத்தி வைப்பது என்பதை அதுதான் காட்டும். 2007இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், இப்படிப்பட்ட 283 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி சீக்கிரம் தணிந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பொறுக்கமுடியாமல் பின்னர் செய்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலை. எவ்வளவு நாள் வலியைப் பொறுக்கமுடியும் என்பது நோயாளி சொல்லவேண்டிய கணக்கு.

காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லிப் படமெடுக்கவேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போனாலோ அது தண்டுவடத்தின் அடியிலிருந்து இறங்கும் வால்நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கு முக்கியம். மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடவேண்டும்.